நாட்பட்ட குடல் அழற்சியில் புற்றுநோய்க் கண்காணிப்பின் வரலாறு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் ஆகிய இரண்டும் நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் ஆகும். இவை பெருங்குடலைப் பல ஆண்டுகள் பாதித்தால் அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அறிகுறி இல்லாத காலத்திலும் குறிப்பிட்ட இடைவெளியில் பெருங்குடலைச் சோதிக்கும் முறை உருவானது. நோயாளி தன் நோயின் வரலாற்றை அறிந்திருந்தால்தான் இம்முறை பயன் தரும்.

தொடக்க காலம்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயரை 1859-இல் இங்கிலாந்து மருத்துவர் சாமுவேல் வில்க்சு பயன்படுத்தினார். இந்நோயுடன் புற்றுநோயும் சேர்ந்து காணப்பட்டதை 1925-இல் பர்ரில் கிரோனும் ரோசன்பெர்க்கும் பதிவு செய்தனர். பின்னர் கிரோன் நோய்க்குப் பெயர் தந்தவரும் இதே கிரோன்தான். அவர் கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகியோருடன் 1932-இல் எழுதிய கட்டுரையே அதற்குக் காரணம்.

குடலை அகற்றுவதா, கண்காணிப்பதா?

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நீண்ட காலம் பரவலான அழற்சி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் முன்னரே பெருங்குடலையும் மலக்குடலையும் முழுவதுமாக அகற்றிவிடுமாறு மருத்துவர் பலர் அறிவுறுத்தினர். அறுவைக்குப் பின் வயிற்றில் அமைக்கும் துளை வழியாகவே வாழ்நாள் முழுதும் மலம் வெளியேற வேண்டியிருந்தது. புற்றுநோய் வராமலே போகக்கூடிய பலரும் இந்த விலையைக் கொடுக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றும் வழியை இலண்டன் செயின்ட் மார்க்சு மருத்துவமனையின் நோயியலாளர் பேசில் மார்சன், பாங்க் என்பவருடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புற்றுநோய்க்கு முன் குடல் உட்படலத்தின் உயிரணுக்களில் டிஸ்பிளேசியா எனும் பிறழ்வு தோன்றுகிறது. மலக்குடலில் எடுக்கும் சிறு திசுத்துண்டிலேயே அதைக் காண முடியும் என்றனர். 1970-களில் வளையும் கொலோனோஸ்கோப் பரவியதும் பெருங்குடல் முழுவதிலும் திசு எடுக்க முடிந்தது. பிறழ்வை வகைப்படுத்தும் பொது அளவுகோலை 1983-இல் ரிடெல் குழுவினர் வகுத்தனர்.

ஆபத்தின் அளவு

2001-இல் ஈடன் குழுவினர் 116 ஆய்வுகளைத் தொகுத்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்கி 10 ஆண்டுகளில் 2%, 20 ஆண்டுகளில் 8%, 30 ஆண்டுகளில் 18% பேருக்குப் புற்றுநோய் வரலாம் எனக் கணித்தனர். 2006-இல் வெளியான செயின்ட் மார்க்சு கண்காணிப்பு ஆய்வில் 600 நோயாளிகளிடையே இந்த அளவு 20 ஆண்டுகளில் 2.5%, 30 ஆண்டுகளில் 7.6% என்றே இருந்தது. ஆபத்து முன்பு அஞ்சிய அளவுக்கு இல்லை. ஆனால் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

இன்றைய நடைமுறை

அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 8 முதல் 10 ஆண்டுகளில் முதல் கண்காணிப்புச் சோதனை செய்யப்படுகிறது. அழற்சியின் பரப்பு, கடுமை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்ததா என்பவற்றைப் பொறுத்து, அடுத்த சோதனை 1 முதல் 5 ஆண்டு இடைவெளியில் அமைகிறது. பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் எனும் பித்தநாள நோயும் உடையவர்கள், அது கண்டறியப்பட்டது முதலே ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றனர். அழற்சி மலக்குடலோடு நின்றுவிட்டவர்களுக்குப் பொதுவாக இத்தகைய கண்காணிப்பு தேவைப்படுவதில்லை. தட்டையான பிறழ்வுகள் தெளிவாகத் தெரிய, குடலின் உட்புறத்தில் சாயம் தெளித்துப் பார்க்கும் முறையும் வழக்கில் உள்ளது.

நோயாளரின் விழிப்புணர்வு

இங்கே இரு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, மலத்தில் இரத்தம், வயிற்றுப்போக்கு, எடை குறைதல் ஆகியவை அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் பொதுவானவை. பழகிய தொல்லை என்று நோயாளி அவற்றை விட்டுவிடக்கூடும். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைத் தேடும் பொதுச் சோதனையும் இவர்களுக்குக் கொலோனோஸ்கோபிக்கு மாற்றாகாது. அழற்சியே இரத்தக் கசிவை உண்டாக்கும்.

இரண்டாவது, சோதனைக்கு ஏற்ற காலம் நோய் அடங்கியிருக்கும் காலமே. அழற்சி மிகுந்திருந்தால் அதனால் ஏற்பட்ட மாற்றத்தையும் உண்மையான பிறழ்வையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவது கடினம். ஆனால் உடல் நலமாக இருக்கும்போது, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துச் சோதனைக்குச் செல்லப் பலருக்கும் மனம் வருவதில்லை. மருத்துவரையோ ஊரையோ மாற்றும்போது தவணை தவறிப்போவதும் உண்டு.

எனவே அறிகுறி தொடங்கிய ஆண்டு, அழற்சி பரவியிருந்த இடம், கடைசிக் கொலோனோஸ்கோபியின் தேதி, திசு ஆய்வின் முடிவு, அடுத்த சோதனைக்குரிய காலம் ஆகிய ஐந்தையும் நோயாளி தம்மிடம் எழுதி வைத்திருப்பது நல்லது. நோயின் தீவிரத்தை அறியச் செய்த சோதனை, கண்காணிப்புச் சோதனையாகவும் கணக்கிடப்படுமா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதும் தேவை.