மறைநூலின் முதல் வாசகரும் இன்றைய திருச்சபையும்

விவிலிய நூல்கள் பலவும் குறிப்பிட்ட ஓர் ஊருக்கோ மக்களுக்கோ எழுதப்பட்டவை. அவர்களுக்குச் சொன்ன கட்டளையும் வாக்குத்தத்தமும் இன்றைய கிறிஸ்தவருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது திருச்சபையின் பழைய வினா. தமிழ்நாட்டில் இது இறையியல் கல்லூரிகளுக்குள் அடங்கியதில்லை; முக்காடு, நகை, சாதி என்று வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் வந்து நின்ற வினா.

நங்கநல்லூர், பரங்கிமலை உள்ளிட்ட தென்சென்னைப் பகுதிகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் தருவது பல சபைகளின் வழக்கம். அட்டையில் அச்சிட்ட அந்த வசனம் பீரோக் கதவிலோ வேதாகமத்துக்குள்ளோ ஆண்டு முழுவதும் இருக்கும். அடிக்கடி வருவது நல்ல எதிர்காலத்தை உறுதியளிக்கும் எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தில் உள்ளது அது. மீட்புக்கு 70 ஆண்டு ஆகும் என்று முந்தைய வசனமே சொல்கிறது. அதுவரை அந்நிய நகரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது அதே கடிதம். கேட்டவர்களில் பலர் மீட்பைக் கண்ணால் காணப் போவதில்லை. இதை அறிந்து படிப்பவருக்கு வசனத்தின் ஆறுதல் குறைவதில்லை. ஓராண்டுக்குள் எல்லாம் கைகூடும் என்ற அவசரம்தான் குறைகிறது.

பிறருக்கு எழுதியதை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு நிருபங்களிலேயே விடை உண்டு. கொலோசெயருக்கு வந்த கடிதத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கும்படி பவுல் கேட்டுக்கொள்கிறார் (கொலோ. 4:16). கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், எல்லா இடங்களிலும் கிறிஸ்துவின் பெயரைத் தொழுதுகொள்வோரையும் சேர்த்தே வாழ்த்துகிறது. ஆனால் அதில் எது அவ்வூர் வழக்கம், எது என்றைக்கும் உரிய நெறி என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. 1920-களில் இலங்கையில் தோன்றி, இன்று சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள பெந்தெகொஸ்தே மிஷன், 1 தீமோத்தேயு 2:9-ஐ அப்படியே கைக்கொண்டு நகையை விலக்குகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் நகைக்குத் தடையில்லை. திருமணத்தில் சிலுவை பொறித்த தாலியும் கட்டப்படுகிறது. சபையில் பெண்கள் பேசாதிருக்கச் சொல்லும் பகுதியை (1 கொரி. 14) அக்காலச் சூழலுக்கு உரியதாகக் கொண்ட அத்திருச்சபையில், 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார்.

தமிழகத்தில் இந்த வினாவின் கூர்மையான சோதனை 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம்தான். அதன் முற்பகுதி ஜெபிக்கும் பெண் தலையை மூடுவதைப் பேசுகிறது. பிற்பகுதி, திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர் பசியோடிருந்ததைக் கடுமையாகக் கண்டிக்கிறது. முற்பகுதி இங்கே எளிதாக நிலைத்துவிட்டது: ஜெபம் தொடங்கியதும் சேலைத் தலைப்பு தலைக்கு ஏறும். பிற்பகுதியோ தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போடப்பட்டது. சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. திருவிருந்துக் கிண்ணத்தில் யார் முதலில் பருகுவது என்பதிலும் சாதி வரிசை நுழைந்தது. இரண்டும் ஒரே அதிகாரம், ஒரே முதல் வாசகர்கள். எனவே வேறுபாட்டுக்குக் காரணம் கொரிந்து அல்ல, தமிழ்ச் சமூகமே.

சாதியை நாட்டு வழக்கமாகக் கருதி ஏற்ற மரபும் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி பூணூலையும் குடுமியையும் சமூக அடையாளம் என்றே வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அதற்கு இசைந்தார். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), எல்லாரும் கலந்து அமர வேண்டும் என்ற புதிய மிஷனெரிகளை எதிர்த்தார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிடும்படி கடிதம் எழுதியபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினர். வில்சன் தரப்புக்கு அடிப்படை, கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவில்லை எனும் கலாத்தியர் 3:28. அந்தப் பட்டியலில் தமிழகச் சாதி எதுவும் இல்லை என்பது உண்மையே. ஆனால் யூத விசுவாசிகள் யூதரல்லாதவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்ததைப் பவுல் அந்தியோக்கியாவில் எதிர்த்து நின்றதை முந்தைய அதிகாரத்தில் படிப்பவர், அந்தச் சாக்கை ஏற்க முடியாது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் இதே பூசலைக் கட்டடமாகவே எழுப்பியது. 1872-இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயத்தில் ஒரே பீடத்திலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு கூடங்கள் பிரிந்தன. வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம். நடுச்சுவரைக் கௌசானல் அடிகளார் 1910-இல் இடித்தார். தனி இடம் தங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பு நீதிமன்றம் சென்று தோற்றது. ஆனாலும் சாதிவாரியான தனிக் கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தின் சில பங்குகளில் இன்றும் உள்ளன.