வைரத்துக்கு யார் சாட்சி?

2023 கடைசியில், நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெண் வயிற்றுப் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான். கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்கு அங்கத்து வழக்கப்படி ஒரு வைர மோதிரம் போட வேண்டுமாம். கடைக்கே போகாமல் கம்ப்யூட்டரிலேயே வாங்கப் போகிறானாம்.

"தாத்தா, ரெண்டு கடையில ரெண்டு கல் பார்த்து வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே எடை, ஒரே கலர். ஆனா விலையில 600 டாலர் வித்தியாசம். எந்தக் கடைல வாங்கட்டும்?"

"ஏண்டா, முப்பத்தாறு வருஷம் தபாலாபீஸ்ல ஸ்டாம்ப் வித்தவன்கிட்ட வந்து வைரம் கேக்கறியே!" என்று சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் வைரத்தால் ஒரு பழைய காயம் உண்டு. அதைச் சொன்னால்தான் பேரனுக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கு விளங்கும்.

என் அம்மாவுக்கு 1958இல் அப்பா ஏழு கல் தோடு வாங்கினார். கும்பகோணத்தில் அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதரான ஒரு வைர வியாபாரி கொடுத்தது. அந்தக் காலத்து வழக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்லை முதலில் வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று நாள் வைத்திருப்பார்கள். வீட்டில் நல்லது நடக்கிறதா, மனசுக்குச் சஞ்சலம் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். ராசி ஒத்துவந்தால்தான் பணம். ரசீது என்று பெரிதாக எதுவும் கிடையாது. வியாபாரி கல்லை முற்றத்து வெயிலில் காட்டி, "பாருங்கோ, புளூ ஜாகர்!" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் சான்றிதழ்.

1981இல் தங்கை கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. தோட்டை விற்கலாம் என்று அப்பா வேறு ஊரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். உள்ளறையில் மேஜை மேல் குண்டு பல்பு. கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது ஜாகர் இல்லை சார், கேப். மஞ்சள் அடிக்கிறது" என்றார். நாங்கள் நினைத்ததில் பாதிகூட அவர் சொன்ன விலை இல்லை.

அப்பா தோட்டை விற்கவில்லை. பி.எஃப். கடன் போட்டுக் கல்யாணத்தை முடித்தார். ஆனால் அந்தக் கும்பகோணத்துச் சிநேகிதருடன் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்கவும் போகவில்லை.

இந்த ஜாகர், கேப் எல்லாம் எங்கிருந்து வந்த வார்த்தைகள்? நம் பாட்டிமார் வாயில் சரளமாகப் புழங்கியவை என்றாலும், இரண்டும் தென்னாப்பிரிக்கா கொடுத்தவை.

1720கள் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் போன்ற சுரங்கங்களிலிருந்து வந்த கற்கள் கோல்கொண்டா வைரம் என்று பெயர் பெற்றன. பிறகு பிரேசிலில் கிடைத்தது. 1867இல் தென்னாப்பிரிக்காவில் கிடைக்க ஆரம்பித்ததும் வியாபாரமே மாறிப்போயிற்று. அங்கே ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் பகுதியில் 1870இல் வைரம் கண்டெடுத்த ஊர் ஜாகர்ஸ்ஃபான்டைன். அந்தச் சுரங்கத்தின் நல்ல கற்கள் வெயிலில் லேசான நீலம் காட்டும் வெண்மை உடையவை. ஊர்ப் பெயரைச் சுருக்கி 'ஜாகர்' என்றார்கள். மஞ்சள் சாயல் உள்ள கல்லுக்குக் கேப் மாகாணத்தின் பெயரால் 'கேப்' என்று பெயர். நடுவில் ரிவர், வெஸல்டன் என்று இன்னும் சில தரங்கள். இப்படி ஊர்ப் பெயரே தரத்தின் பெயராகி, மதராஸ், கும்பகோணம் வரை வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வியாபாரிக்கு ஜாகராகப் படுவது இன்னொருவருக்கு வேறாகப் படலாம். அளவுகோல் அவரவர் கண். குற்றம் பார்ப்பதும் அப்படித்தான். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலேயே மதுரைக் கடைத்தெருவில் நால்வகைக் குற்றம் நீங்கிய வைரத்தைப் பற்றி வருகிறது. காக்கைக் கால் போன்ற கோடும் அந்தக் குற்றங்களில் ஒன்று. ஆனால் குற்றம் நீங்கியது என்று சொல்வது யார்? விற்பவர்தான்.

இதை மாற்றியது அமெரிக்காவில் ராபர்ட் ஷிப்லி என்ற நகை வியாபாரி. தமக்கும் தம் தொழிலில் உள்ளவர்களுக்கும் ரத்தினங்களைப் பற்றிய படிப்பு போதாது என்று உணர்ந்து, 1931இல் ஜி.ஐ.ஏ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எடை, நிறம், தெளிவு, பட்டை என்ற நான்கையும் 'நான்கு சி' என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் லிடிகோட் காலத்தில், 1953இல், நிறத்துக்கு ஒரு புது அளவுகோல் வந்தது. அது ஏ-யில் தொடங்காமல் டி-யில் தொடங்கும். அதுவரை வியாபாரிகள் ஏ, டபுள் ஏ என்று இஷ்டத்துக்குப் போட்டு அந்த எழுத்துகளைக் கெடுத்து வைத்திருந்ததால், யாரும் தொடாத எழுத்திலிருந்து ஆரம்பித்தார்களாம். நிறமே இல்லாத கல் டி. மஞ்சள் ஏற ஏற இஸட் வரை போகும். 1955 முதல், வைர வியாபாரம் செய்யாத அந்த நிறுவனம் தனித்தனிக் கல்லுக்கு எழுத்து மூலமாக ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தது.

அதே காலத்தில்தான் டி பியர்ஸ் கம்பெனிக்காக ஃபிரான்சஸ் ஜெரிட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் என்ற பொருள்படும் விளம்பர வாசகத்தை 1947இல் எழுதினார். அதற்குப் பிறகு வைர மோதிரம் இல்லாமல் நிச்சயதார்த்தமே இல்லை என்ற அளவுக்கு அந்த ஊர் வழக்கம் ஊன்றிவிட்டது. எழுதிய அம்மையார் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஆசையை விளம்பரம் கொடுத்தது. நம்பிக்கையை ரிப்போர்ட் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோது, கண்ணால் பார்க்காமலே வைரம் வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1998இல் மார்க் வேடன் என்ற இளைஞர் தம் காதலிக்கு மோதிரம் தேடினார். கடைகளில் கிடைத்த விளக்கம் போதாமல், சியாட்டிலில் ஒருவர் நடத்திய இணையக் கடையில் வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல் மறு வருஷம் அந்தக் கடையையே வாங்கி 'புளூ நைல்' என்று பெயர் வைத்தார். அந்தக் கடை பெரும்பாலான கற்களைத் தன் பெட்டியில் வைத்திருக்கவில்லை. மொத்த வியாபாரியிடம் இருக்கும் கல்லின் விவரத்தைப் போட்டு, ஆர்டர் வந்த பிறகே வரவழைத்துக் கொடுத்தது. பின்னால் வந்த 'ஜேம்ஸ் ஆலன்' கல்லைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் படம் போட்டுப் பெயர் வாங்கியது.

இவ்வளவு விலை உயர்ந்த பொருளைத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்பீர்கள். என் இலாகா சமாசாரம், கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 கேரட் கல்லினன் வைரம் லண்டனுக்குப் போனது தபாலில்தான். துப்பறியும் ஆட்கள் காவலோடு கப்பலில் போனது போலிக் கல். நம் கொல்லூரில் பிறந்ததாகக் கருதப்படும் ஹோப் வைரத்தை, 1958 நவம்பரில் ஹாரி வின்ஸ்டன் என்ற வியாபாரி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் பழுப்புக் காகிதம் சுற்றி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட்தான், மீதியெல்லாம் இன்ஷூரன்ஸ். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆகவே தபாலைப் பற்றிப் பயமில்லை. கேள்வி எல்லாம் உள்ளே இருக்கும் கல்லைப் பற்றித்தான்.

மறுநாள் பேரனைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு கடை பேர் என்ன?" என்றேன். புளூ நைலும் ஜேம்ஸ் ஆலனும்தான். இதற்குள் நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். சிக்னெட் என்ற பெரிய நகைக் கம்பெனி 2017இல் ஜேம்ஸ் ஆலனை வாங்கியது. 2022இல் புளூ நைலையும் 36 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே ஊருக்கு ஊர் தெரியும் கே, ஸேல்ஸ், ஜேரட் கடைகளும் அவர்களுடையவைதான்.

"ரெண்டு வாசல், ஒரே வீடுடா. கடையை விடு. ரிப்போர்ட்டைப் படி" என்றேன்.

ரிப்போர்ட்டைப் படித்தான். இரண்டும் ஜி.ஐ.ஏ. ரிப்போர்ட். இரண்டும் 1.01 கேரட், நிறம் ஜி, தெளிவு வி.எஸ்.1, பட்டைக்கும் உயர்ந்த தரம். பிறகு எங்கிருந்து வந்தது 600 டாலர்? கீழே 'ஃப்ளோரசன்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. ஒன்றில் 'இல்லை', விலை குறைந்ததில் 'பலமான நீலம்'.

இந்த வரி எனக்குத் தெரிந்த வரி. சொல்கிறேன்.

அம்மா 2004இல் காலமானாள். தோட்டின் கட்டடம் தேய்ந்துபோனதால், 2011இல் என் பெண் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டக் கொடுத்தாள். கல் வெளியே வந்த சமயத்தில், நடுக் கற்கள் இரண்டை மட்டும் மும்பையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். பதில் வந்தது. நிறம்: எல், அதாவது லேசான மஞ்சள். ஃப்ளோரசன்ஸ்: பலமான நீலம்.

சில வைரங்கள் சூரிய வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அந்த நீலம் கல்லின் மஞ்சளை மறைத்துவிடும். குண்டு பல்பில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. அதனால் மஞ்சள் மட்டுமே தெரியும். முற்றத்து வெயிலில் கும்பகோணத்துக்காரர் காட்டியது உண்மையான நீலம். உள்ளறையில் மற்றவர் பார்த்தது உண்மையான மஞ்சள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் ஒரு வரி இல்லாததால் இருபத்தைந்து வருஷ சிநேகிதம் போயிற்று. இதைத் தெரிந்துகொள்ள அப்பாவும் இல்லை, அவர் சிநேகிதரும் இல்லை.

பேரனுக்குச் சொன்னதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன். ரிப்போர்ட் யார் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். எல்லாக் கூடமும் ஒரே கண்டிப்போடு தரம் போடுவதில்லை. அதனால் வேறு வேறு கூடங்களின் எழுத்தை வைத்து விலையை ஒப்பிடாதீர்கள். ரிப்போர்ட் எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். அதே எண்ணை மற்றக் கடைகளிலும் தேடுங்கள். ஒரே கல் வேறு வாசலில் வேறு விலைக்கு இருக்கக்கூடும். 1 கேரட் என்ற கோட்டைத் தாண்டியதும் விலை எகிறும். 90 சென்ட் கல்லுக்கும் அதற்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கட்டடத்துக்கான தங்கம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். பூமியில் கிடைத்ததா, ஆலையில் வளர்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் வைரமே, ஆனால் விலையும் மறுவிலையும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பணம் முழுவதும் வருமா என்று பாருங்கள்.

அவன் பார்த்த இரண்டு கடையிலும் 30 நாள் தவணை இருந்தது. "நம்ம ஊர்ல மூணு நாள் கொடுத்தா, அவன் முப்பது நாள் கொடுக்கறான். ராசி பாத்துக்கோ" என்றேன்.

விலை குறைந்த, நீலம் உள்ள கல்லையே வரவழைத்தான். பலமான நீலம் உள்ள சில கற்கள் வெயிலில் பால் கலந்தது போல மங்கும். அது ஒன்றுதான் பயம். மோதிரம் வந்ததும் அவனும் அந்தப் பெண்ணும் காலை வெயிலில், ட்யூப் லைட்டில், சாதாரண பல்பில் என்று எல்லா வெளிச்சத்திலும் பார்த்திருக்கிறார்கள். மங்கவில்லை. திருப்பவில்லை.

மோதிரப் படத்தோடு ரிப்போர்ட் எண்ணையும் எனக்கு அனுப்பி வைத்தான். ரிஜிஸ்தர் தபால் எண்ணை எழுதி வைத்த பழக்கம், அதை டைரியில் எழுதிக்கொண்டேன். பக்கத்திலேயே அம்மா தோட்டுக் கற்களின் எண் இரண்டையும் எழுதி, கும்பகோணத்துக்காரர் பெயரையும் எழுதினேன்.

பிறகு அவர் பிள்ளையின் விலாசம் கிடைத்தது. இப்போது திருச்சியில் இருக்கிறாராம். அந்த ரிப்போர்ட்டின் நகலை வைத்து ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். ரிஜிஸ்தர் தபாலில்தான்.