டாக்டர் வார்டின் கண்ணாடிப் புட்டி

வீட்டில் மரத்தவளை வளர்ப்போர் அதற்கு வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி பிறந்தது லண்டனில். 1829 வாக்கில், நதானியல் பாக்ஷா வார்ட் என்ற வைத்தியர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, அகன்ற வாய்ப் புட்டியொன்றில் மூடி வைத்தார். பூச்சி எப்போது வெளிவரும் என்று பார்த்திருந்தவரின் கண்ணில் பட்டவை, மண்ணைக் கீறி எழுந்த ஒரு பன்னமும் ஒரு புல்லும்.

அவர் முற்றத்தில் ஆசையோடு நட்ட பன்னங்களையெல்லாம் நிலக்கரிப் புகை கருக்கியிருந்தது. புட்டிக்குள் முளைத்ததோ செழித்தது. பகல் சூட்டில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் துளியாகப் படிந்து, திரும்ப மண்ணுக்கே வடிந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே அந்தச் செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன.

கடல்வழி வரும் நாற்றுகள் உப்புக்காற்றிலும் நன்னீர்த் தட்டுப்பாட்டிலும் மடிந்துகொண்டிருந்த காலம் அது. 1833இல் வார்ட், அந்தப் புட்டியைப் போலவே மூடிய இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்துச் சிட்னிக்குக் கப்பலேற்றினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1842இல் தன் முறையை நூலாக்கினார். 1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கியதும் பெட்டி வரவேற்பறைகளுக்குள் வந்தது.

இலங்கையின் மலையகத்தில் இருந்து பார்க்கிற எனக்கு, வரவேற்பறையைவிடக் கப்பல் தளமே பெரிதாகத் தெரிகிறது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற செடி சேகரிப்பாளர் சீனத் தேயிலையை இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோனது இந்தப் பெட்டிகளில்தான். கொய்னா மருந்து தரும் தென் அமெரிக்கச் சிங்கோனாக் கன்றுகளும் இவற்றிலேயே ஆசியாவுக்குக் கப்பலேறின; பல வழியிலேயே செத்தன. பண்டாரவளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா போகும்போது வருகிற ஹக்கல தாவரவியல் பூங்கா, 1861இல் சிங்கோனா வளர்க்கவே தொடங்கப்பட்டது. கோப்பிக்காக ஏற்கெனவே காடு விழுந்துகொண்டிருந்தது. 1869இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்ததும், அந்தச் சரிவுகளில் சிங்கோனாவும் பிறகு தேயிலையும் ஏறின. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்தான் அந்த மலைகளைத் தோட்டமாக்கினார்கள். அவர்கள் லயம் எனும் வரிசைக் குடியிருப்புகளில் கிடந்து பட்ட பாட்டோடு சேர்த்துத்தான் இந்தப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

காட்டோடு போனவற்றில் தவளைகளும் உண்டு. இலங்கையின் புதர்த்தவளைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. பல இனங்களில் பெண் தவளை சருகுக்கடியில் ஈரமண்ணில் முட்டையிடும். அதிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். வார்டின் புட்டிக்குள் சுற்றிய அதே ஈரம், முகில் படியும் காட்டில் இலைக்கூரையின் கீழ் சுற்றுகிறது. கூரையை வெட்டினால் மண் காயும், முட்டை காயும். பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்தேவிட்டன.

அதனால்தான் எங்கள் பக்கத்துக் காட்டுத் தவளையைப் பிடித்துப் பெட்டியில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பெட்டிக்குப் பாசியும் பன்னமும் போதும். முதுகில் மணல்கடிகார வடிவக் கோடு கொண்ட மரத்தவளை வீட்டுத்தோட்டத்துக்குத் தானே வரக்கூடியது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கிளை சாய்ந்திருந்தால், அதன் இலையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் விழும். தொட்டியில் மீன் விடாதீர்கள், பூச்சிமருந்து தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.