பெட்டிக்குள் நாற்பது வயலின்

திண்டிவனத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். மேடையில் லைட் மியூசிக். பெரிய கோஷ்டி எல்லாம் இல்லை. பாடுவதற்கு ஓர் ஆண், ஒரு பெண். ரிதம் பேடில் ஒருவர். கீபோர்டில் ஒரு பையன். அவ்வளவுதான். எண்பதுகளில் வந்த ஒரு பாட்டை எடுத்தார்கள். சரணத்துக்கு முன்னால் வயலின்கள் கும்பலாக எழும்பி வருமே, அந்த இடம் வந்தது. பையன் ஒரு பட்டனைத் தட்டினான். விரல்களை விரித்து அழுத்தினான். மண்டபம் நிறைய நாற்பது வயலின்!

பக்கத்து நாற்காலியில் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். ஒரு காலத்தில் கோஷ்டிகளில் வயலின் வாசித்தவராம். ‘‘இந்த பிட்டுக்கு எங்க செட்டுல மூணு வயலின் தம்பி. கச்சேரி முடிஞ்சா, விடியக்காலைல முதல் பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போவோம். இப்ப யாரும் கூப்புடறதில்ல’’ என்றார். கோபமே இல்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னார்.

இடைவேளையில் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். லேப்டாப்பில் சொந்தமாக மெட்டுப் போடுகிறானாம். குறும்படங்களுக்கு, பக்திப் பாட்டுகளுக்கு. ‘‘வயலினைக் கையால தொட்டதில்ல சார். இந்த சவுண்டு இல்லேன்னா எனக்கு ஆர்க்கெஸ்ட்ராவே கிடையாது’’ என்றான்.

பெரியவர் சொன்னதும் நிஜம். பையன் சொன்னதும் நிஜம். அப்படியானால், பட்டனைத் தட்டினால் வாத்திய கோஷ்டியே வந்து நிற்கிற இந்தப் பெட்டி, இசையமைப்பவனுக்கு வரமா, விலங்கா?

தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இந்த வழக்கு ஒன்றும் புதுசு இல்லை.

*

ஆர்மோனியம் நம்ம ஊர் வாத்தியம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை! 1840-களில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. காலால் மிதித்து வாசிக்கிற அந்தப் பெட்டியை, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். அதன்பிறகு அது நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றியது.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து பார்த்திருக்கிறீர்களா? மிருதங்கம், தாளம், முகவீணை, கூடவே ஆர்மோனியம். முகவீணை என்பது நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி ஒரு சின்னக் குழல். ஊதுகிறவர் உதட்டாலும் மூச்சாலும் ஸ்வரத்தை வளைப்பார், குழைப்பார். ஆர்மோனியத்தில் அது நடக்காது. ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு ஸ்வரம். பக்கத்துக் கட்டைக்குப் போனால் அடுத்த ஸ்வரம். நடுவில் இருப்பது? காலி. எந்தெந்த ஸ்வரம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெட்டி செய்தவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். வாசிப்பவர் அந்தத் தீர்மானத்துக்குள் நடமாடலாம். தாண்ட முடியாது.

ஆனால் லாபம் இல்லாமலா கூத்துக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்? ராத்திரி முழுக்க, திறந்தவெளியில் பாட வேண்டும். சுருதி விலகாமல் ஒருவர் பக்கபலமாக நிற்க வேண்டும். குரல் கட்டினாலும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டும். நாலு பேர் வேலையை ஒரு பெட்டி செய்தது.

பெரிய இடத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. தாகூருக்கு ஆர்மோனியத்தைக் கண்டாலே ஆகாது. டெல்லி ரேடியோவில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்துவந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர், இந்திய ராகங்களுக்கு இது உதவாது என்று கட்டுரையே எழுதினார். 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடை! வெள்ளைக்காரன் போட்ட தடை, சுதந்திரம் வந்த பிறகும் நீடித்தது. 1971-ல்தான் தளர்த்தினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். வயலினும் வெளிநாட்டுச் சரக்குதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தது. அதை ஒருவரும் வெளியே தள்ளவில்லை. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டோம். ஏன்? வயலினில் கட்டையும் கிடையாது, மெட்டும் கிடையாது. விரல் எங்கே போகிறதோ அங்கே ஸ்வரம். தோடிக்கு வேண்டிய கமகம், நாதஸ்வரக்காரர் கொடுக்கிற குழைவு, எல்லாவற்றுக்கும் அது வளைந்து கொடுத்தது.

அதாவது, வயலின் நமக்காக வளைந்தது. ஆர்மோனியத்துக்காக நாம் வளைய வேண்டியிருந்தது. தகராறு வெளிநாடு, உள்நாடு என்பதில் இல்லை. முடிவெடுப்பது யார், வாசிக்கிறவரா, பெட்டியா என்பதில்தான்.

*

இனி, மின்சாரப் பெட்டிகளின் கதை.

1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து மெல்லோட்ரான் என்று ஒரு கீபோர்டு வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். அதில் நிஜமான வயலினோ புல்லாங்குழலோ வாசித்த ஒரே ஒரு ஸ்வரம். அமுக்கினால் சுமார் எட்டு விநாடி ஒலிக்கும். அப்புறம் டேப் தீர்ந்துவிடும். அந்த எட்டு விநாடிக்கே அங்குள்ள இசைக் கலைஞர் சங்கம் பதறியது, ‘எங்கள் பிழைப்பு போச்சு’ என்று. பீட்டில்ஸ் 1967-ல் இதே பெட்டியின் குழலோசையை வைத்து உலகத்தையே மயக்கினார்கள்.

1979-ல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட். எந்த ஒலியையும் கம்ப்யூட்டருக்குள் பிடித்துப்போட்டு, கட்டைகளில் வாசிக்கலாம். அதோடு வந்த டிஸ்க்கில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ‘ஜாங்!’ என்று இடிக்கிற ஒலி இருந்தது. ரஷ்ய மேதை ஸ்ட்ராவின்ஸ்கி 1910-ல் எழுதிய ‘ஃபயர்பேர்ட்’ இசையிலிருந்து எடுத்த ஒரே ஒரு இடி. அவர் எத்தனையோ ஸ்வரங்களைக் கட்டி எழுப்பி அந்த இடத்தில் அதை வைத்தார். எண்பதுகளில் பாட்டுக்குப் பாட்டு அந்த ‘ஜாங்’தான்! காரணம் ரசனை மட்டுமில்லை. அது தயாராகக் கையில் இருந்தது.

1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்து விற்பனையில் சக்கைப் போடு போட்டது. அதில் புதுப்புது ஒலிகளை நாமே உருவாக்கலாம். ஆனால் அதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் கம்பெனி போட்டுக்கொடுத்ததையே வாசித்தார்கள். முடிவு? எங்கு கேட்டாலும் அதே எலெக்ட்ரிக் பியானோ.

இன்றைய கதை இன்னும் பிரம்மாண்டம். வியன்னாவில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த ஹெர்ப் டுக்மாண்டில் 2000 வாக்கில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஒரே ஸ்வரத்தை மெதுவாக, சத்தமாக, வெட்டி, இழுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற விதம் உட்பட, லட்சக்கணக்கான துண்டுகளாகப் பதிவுசெய்தார்கள். லண்டனின் ஸ்பிட்ஃபயர் கம்பெனி 2019-ல் பி.பி.சி. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையே இப்படிப் பெட்டிக்குள் அடைத்தது. ‘சோகம்’, ‘வீரம்’ என்கிற மாதிரி தயார்நிலையில் வைத்து விற்கிற கம்பெனிகளும் உண்டு. தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டியதுதான்.

*

சரி, நம்ம ஊரில்?

1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு யமஹா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்தார் இளையராஜா. அப்போது அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப்தான், 1992-ல் ‘ரோஜா’வில் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார். கோடம்பாக்கத்தில், வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோ. பெரிய ரிக்கார்டிங் தியேட்டரில் ஐம்பது பேரை உட்காரவைத்து ஒரே டேக்கில் எடுத்த காலம் மெள்ள முடிந்தது. இசையமைப்பாளராக வேண்டும் என்றால் பெரிய தயாரிப்பாளரின் தயவு வேண்டும் என்ற நிலைமை மாறியது. நல்லது. கூடவே, கோடம்பாக்கத்தின் வயலின்காரர்கள் பலருக்கு வேலை குறைந்தது. அது நல்லதில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது வரவு-செலவு நோட்டில் ஒரே வரி. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சம்பளம் எங்கே, ஒருமுறை வாங்கினால் தீராத மென்பொருள் எங்கே? எந்தக் கணக்குப்பிள்ளையும் பெட்டிக்குத்தான் கையெழுத்துப் போடுவான். தமிழ்நாட்டில் எத்தனை கோயில்களில் ஸ்விட்சைப் போட்டால் மேளமும் மணியும் தானாக அடித்துக்கொள்கின்றன, எண்ணிப் பாருங்கள். அதுவும் இதே கணக்குதான்.

ஆனால் அந்த நோட்டில் வராத ஒரு வரி இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியத்தில்தான் மெட்டுப் போட்டார். இளையராஜா கையிலும் ஆர்மோனியம் உண்டு. குழைவு வராத அந்தப் பெட்டியில் பிறந்த பாட்டுகளில் எப்படி அவ்வளவு குழைவு? ஏனென்றால், பெட்டி அவர்களுக்கு மெட்டைத் தேடுவதற்கான நோட்டுப்புத்தகம். பெட்டியில் இல்லாதது என்ன என்று அவர்கள் காதுக்குத் தெரியும். பாடுகிற குரலுக்கும் வாசிக்கிற கைக்கும் அந்தக் காலியிடத்தை விட்டுவைத்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெட்டியை வைத்து உலகத்தையே ஜெயித்த ரஹ்மான், 2008-ல் சென்னையில் இசைக் கல்லூரி ஆரம்பித்தார். வசதியில்லாத பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுத்து ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’ உருவாக்கினார். கம்ப்யூட்டரில் அன்றைக்கே கைவைத்த இளையராஜா, 2025 மார்ச்சில் தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியபோது எதிரில் உட்கார்ந்திருந்தது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. அத்தனையும் நிஜ மனிதர்கள். பெட்டியின் முழு பலமும் தெரிந்த இரண்டு பேரும் மனிதர்களைத் தேடித்தான் போனார்கள்.

*

மறுபடி திண்டிவனம். கச்சேரி முடிந்ததும் பையனைப் பெரியவரிடம் அழைத்துப்போனேன். அவர் சொன்னார்: ‘‘நல்லா வாசிக்கறே கண்ணு. ஆனா அந்த பிட்டுல விடாம அமுக்கிக்கிட்டே இருந்தே. எங்களால அப்படி முடியாது. வில்லு முடிஞ்சா திருப்பணும். எந்த எடத்துல திருப்பறதுன்னு மூணு பேரும் பேசி வெச்சுக்குவோம். அங்கதான் பாட்டு மூச்சு விடும்.’’

பையன் செல்போனை எடுத்து அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டான். இரண்டு தடவை. ‘‘இது எந்த பட்டன்லயும் இல்லையே தாத்தா’’ என்றான்.

என்னைக் கேட்டால் இதுதான் தீர்ப்பு. பெட்டி குற்றவாளி இல்லை. விழுப்புரத்துப் பையனுக்கு வியன்னாவின் கதவைத் திறந்துவிட்டதே அதுதான். ஆனால் பெட்டியை மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு, அதில் என்ன இல்லை என்பது தெரியாமலே போய்விடும். தெரிந்தவர்களை நாம் கூப்பிடாமல் விட்டால், சொல்லித்தரவும் ஆள் இருக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்த தடவை உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கோஷ்டி பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘‘கூட ஒரே ஒரு வயலின்காரரையும் கூட்டிட்டு வர முடியுமா?’’ சில ஆயிரம் ரூபாய் கூடும். கேட்டரிங்கில் ஓர் ஐட்டத்தைக் குறைத்தால் போச்சு. கீபோர்டு பையனுக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போடச் சொல்லுங்கள்.