தகுதிச் சுற்று: பந்தயத்துக்கு முன் ஒரு பந்தயம்

கார் பந்தயத்தில் முன்வரிசையில் யார் நிற்பது? சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய முடியாது. அதற்குத்தான் தகுதிச் சுற்று.

பொதுவாக, ஒரு சுற்றை ஓட்டி முடிக்க எடுத்த நேரம்தான் கணக்கு. அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தில் வழக்கம் வேறு. 1959-ல் முதல் பந்தயம் நடந்தபோதே தகுதிக்கும் தனிப் பந்தயங்கள் வைத்தார்கள். இன்று முன்வரிசையின் இரண்டு இடங்கள் மட்டும் நேரத்தை வைத்து முடிவாகின்றன. மற்ற இடங்களுக்கு வீரர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து மோதுகிறார்கள். தொடக்கத்தில் தூரம் 100 மைல். பின்பு 125 ஆனது. 2005 முதல் 150 மைல், அதாவது 60 சுற்று.

டேல் எர்ன்ஹார்ட் இந்தத் தகுதிப் பந்தயங்களில் 12 முறை வென்றார். 1990 முதல் 1999 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் அவருக்கே வெற்றி! ஆனால் டேடோனா 500-ஐ அவர் வென்றது ஒரே ஒரு முறை, 1998-ல்.

நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் கதை இதற்கு நேர்மாறு. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2010-ல் நாஸ்கார் ட்ரக் பந்தயத்தில் இறங்கி, மார்ட்டின்ஸ்வில்லில் 13-வதாக வந்தார். 2011-ல் மீண்டும் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பியபோது மெல்போர்னில் 107 சதவீத விதி குறுக்கே வந்தது. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் பதிவான மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் முடித்தாக வேண்டும். அவரது கார் முடிக்கவில்லை, பந்தயத்தில் இடமில்லை. 2012-லும் அதே ஊரில் அதே ஏமாற்றம். இரண்டு ஆண்டும் அடுத்து வந்த மலேசியப் பந்தயத்தில் தகுதி பெற்று ஓட்டினார்.

தகுதிச் சுற்றில் வென்றவரெல்லாம் பந்தயத்தில் வெல்வதில்லை. தோற்றவர் கதை அத்தோடு முடிவதும் இல்லை.