உங்க ஸ்டேடியம் பெருசா, எங்க ஸ்டேடியம் பெருசா?

அமெரிக்கக் கம்பெனிக்குப் பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு நவம்பர் கடைசி வாரம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கும். ஒஹாயோ ஸ்டேட்ல படிச்ச மேனேஜரும் மிச்சிகன்ல படிச்ச ஆர்க்கிடெக்டும் ஒரே கான்ஃபரன்ஸ் கால்ல மாட்டினா, அன்னிக்கு வேலை ஓடாது. முதல்ல பழைய ஸ்கோர் வரும். அப்புறம் கோச். கடைசியா, "உங்க ஸ்டேடியத்துல எத்தனை பேர் உட்காரலாம்?" மிச்சிகனில் 1,07,601 பேர். ஒஹாயோவில் 1,02,780 பேர். மிச்சிகன்காரர் அந்த 4,821 சீட்டைத் தன் சொந்தப் பணத்துல வாங்கிப் போட்ட மாதிரிதான் பேசுவார்.

இந்த அலம்பலுக்கு நூறு வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு. இது நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்ங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

ஆரம்பிச்சு வெச்சது ஹார்வர்ட். 1879ல் பட்டம் வாங்கின பேட்ச், தங்களோட 25வது ஆண்டை ஒட்டி 1 லட்சம் டாலர் கொடுத்தது. சிவில் பேராசிரியர் லூயிஸ் ஜான்சன் கணக்குப் போட, 1903ல் குதிரை லாட வடிவத்துல ஆர்.சி.சி. ஸ்டேடியம் எழும்பியது. அவ்வளவு பெரிய கான்கிரீட் கட்டடம் அப்போ ரொம்பப் புதுசு. பெருமையா திறந்து வெச்சா, முதல் ஆட்டத்துல டார்ட்மத் வந்து 11-0ன்னு சாத்திட்டுப் போனாங்க. அடுத்த வாரம் பரம எதிரி யேல் வந்து 16-0. பந்தல் போட்டவனுக்கே அடி :-)

கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு, போட்டா போட்டதுதான். 1905 சீசனில் மட்டும் இந்த ஆட்டத்துல 18 பேர் செத்ததா பத்திரிகைகள் கணக்கு சொன்னன. ஒருத்தர் மேல ஒருத்தர் மந்தையா மோதுற ஆட்டம் அப்போ. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன்காரங்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். விதிகளைத் திருத்த உட்கார்ந்தபோது, களத்தை 40 அடி அகலமாக்கினா கூட்டம் பிரியும், மோதல் குறையும்னு ஒரு யோசனை வந்தது. ஆனா ஹார்வர்டோட புத்தம்புது ஸ்டேடியத்துல அதுக்கு இடமே இல்லை. யோசனை கைவிடப்பட்டது. அதுக்குப் பதிலா 1906ல் வந்ததுதான் பந்தை முன்னோக்கி எறியலாம்ங்கிற விதி. இன்னிக்கு அந்த எறிதல்தான் ஆட்டத்துக்கே உயிர். களத்தோட அகலம் இப்பவும் அதே 160 அடிதான். ஒரு காலேஜ் கட்டின சுவர் ஒரு நாட்டோட ஆட்டத்தையே மாத்தியிருக்கு!

ஹார்வர்ட் கட்டினா யேல் சும்மா இருக்குமா? இவங்க வேற டெக்னிக் பிடிச்சாங்க. பூமியைத் தோண்டி, தோண்டின மண்ணையே சுத்தி மேடாக் கொட்டி, அதுமேல இருக்கைகள். பார்க்கக் கிண்ணம் மாதிரி இருந்ததால பேரும் 'பௌல்'. சுமார் 70,000 பேர் உட்காரலாம். 1914 நவம்பர் 21ல் திறப்பு விழா. எதிரணி யாருன்னு நினைக்கிறீங்க? ஹார்வர்டேதான். ஸ்கோர் 36-0. ஹார்வர்டுக்கு! கலிபோர்னியாவில் 1922ல் திறந்த ரோஸ் பௌலுக்கு வடிவமும் பேரும் இங்கிருந்து போனதுதான். அப்புறம் சீசன் முடிஞ்சு நடக்குற பெரிய ஆட்டத்துக்கெல்லாம் 'பௌல்'னே பேர் வந்துடுச்சு. சூப்பர் பௌல் உட்பட.

ஒரு கொசுறு: அவ்வளவு பெரிய யேல் பௌலுக்குள்ள வீரர்களுக்கு லாக்கர் ரூம் கிடையாது. வேற கட்டடத்துல உடை மாத்திட்டு நடந்து வரணும். இந்த லாக்கர் ரூம் மேட்டரை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

அடுத்து நம்ம ஒஹாயோ - மிச்சிகன் பங்காளிகள். 1919ல் ஒஹாயோ முதல் தடவையா மிச்சிகனை ஜெயிச்சது. சிக் ஹார்லிங்கிற ஆட்டக்காரரைப் பார்க்கக் கூட்டம் அம்மியது. அந்தச் சூட்டோட மக்கள்கிட்ட நன்கொடை திரட்டி 66,210 சீட்டோட 1922ல் ஸ்டேடியம் கட்டிட்டாங்க. 'இது எங்க நிரம்பப் போகுது'ன்னு நக்கல் அடிச்சவங்களும் உண்டு. அர்ப்பணிப்பு விழாவுக்கு மிச்சிகனையே கூப்பிட்டாங்க. கூட்டம் 70,000ஐத் தாண்டியது. ரிசல்ட்? மிச்சிகன் 19-0. (இந்த நாட்டுல ஸ்டேடியம் திறக்கிறவங்க நல்ல நேரம் பார்க்கிறதே இல்லை போல.)

ஊருக்குத் திரும்பின மிச்சிகனோட விளையாட்டு இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்டுக்கு, அதைவிடப் பெருசா ஒண்ணு வேணும். பேராசிரியர்கள் லேசுல விடலை. 1926ல் டீன் எட்மண்ட் டே தலைமையிலான குழு, ஸ்டேடியம் கட்டுங்க, ஆனா வர்ற காசுல சாதாரண மாணவர்கள் விளையாடவும் வசதி செய்யணும்னு அறிக்கை கொடுத்தது. யோஸ்ட் வரிப்பணம் கேட்காம, ஒண்ணு 500 டாலர்னு 3,000 கடன் பத்திரம் விற்றார். வாங்கினவங்களுக்கு நல்ல இடத்துல டிக்கெட் வாங்குற உரிமை. பெரும்பகுதி தரைக்குக் கீழேயே இருக்கிற மாதிரி தோண்டி, 1927ல் திறந்தாங்க. அப்போ சுமார் 72,000 சீட்தான், ஆனா பின்னாடி ஒரு லட்சத்துக்கு மேல ஏத்தலாம்னு அஸ்திவாரத்தை முன்கூட்டியே பலமாப் போட்டு வெச்சார். நம்ம பாஷையில சொன்னா, ஸ்கேலபிள் டிசைன்! அர்ப்பணிப்பு ஆட்டத்துக்கு ஒஹாயோவைக் கூப்பிட்டு 21-0ன்னு ஜெயிக்கவும் செஞ்சாங்க. இந்தப் பதிவுலேயே திறப்பு ராசி இருந்தது மிச்சிகனுக்கு மட்டும்தான்.

ரெண்டு ஊர்லயும் ரசிகர்கள் பேசாத விஷயம் ஒவ்வொண்ணு இருக்கு. மிச்சிகனில் டே குழு சொன்னபடி, காலேஜ் டீம்ல இல்லாத சாமானிய மாணவர்கள் விளையாட 1928ல் தனியா ஒரு கட்டடமே எழும்பியது. ஒஹாயோவில் 1933ல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்துல, ஸ்டேடியத்தோட கோபுரத்துக்குள்ளேயே விடுதி அமைச்சு வசதியில்லாத பசங்களைக் குறைஞ்ச செலவுல தங்கவெச்சாங்க. சனிக்கிழமை ஆட்டம் பார்க்கிற கட்டடத்துல, வாரம் பூரா பசங்க படிச்சாங்க. 66,210ங்கிற நம்பரை விட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

அதுக்கப்புறம் பணம் வேற லெவலுக்குப் போயிடுச்சு. 1984ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால டிவி உரிமை பேரம் கல்லூரிகள் கைக்கு வந்தது. காசு கொட்டியது. ஆனா அமெச்சூர் விதிப்படி ஆடுற பசங்களுக்கு உதவித்தொகை தரலாம், சம்பளம் தரக்கூடாது. நல்ல பையனை இழுக்கணும், காசும் கொடுக்கக் கூடாது. என்ன வழி? கட்டடம்தான்! ஒரிகன் பல்கலையில் 2013ல் நைக்கி முதலாளி ஃபில் நைட் தயவுல ஃபுட்பால் டீமுக்கு மட்டும் ஒரு மாளிகை. க்ளெம்சனில் 2017ல் 5.5 கோடி டாலர் செலவுல சறுக்குமரம், மினி கோல்ஃப், பௌலிங் எல்லாம் வெச்சு ஒண்ணு. உழைச்சவனுக்குச் சேர வேண்டிய கூலிதான் சறுக்குமரமா மாறி நிக்குதுன்னு எனக்குத் தோணும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏத்துக்கிட்ட சமரசத்துக்குப் பிறகுதான், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாவே பணம் தரலாம்னு ஆச்சு. முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இப்போ அந்த லாக்கர் ரூம் மேட்டர். யேல் இளநிலைப் படிப்புல பெண்களைச் சேர்த்ததே 1969ல்தான். அரசுப் பணம் வாங்குற கல்வி நிலையத்துல ஆண் பெண் பேதம் கூடாதுன்னு 'டைட்டில் ஒன்பது' சட்டம் 1972ல் வந்தது. ஆனா 1976லும் யேலோட படகுத்துறையில் பெண்களுக்கு ஷவர் கிடையாது. குளிர்ல ஆத்துல துடுப்புப் போட்டு நனைஞ்சு வர்ற பெண்கள், ஆண்கள் சுடுதண்ணியில குளிச்சு முடிக்கிற வரைக்கும் ஈரத்துணியோட பஸ்ல உட்கார்ந்திருக்கணும்.

1976 மார்ச் 3. கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள், பெண்கள் விளையாட்டுப் பிரிவு இயக்குநரோட அறைக்குள்ள போய் நின்னு மேலாடைகளைக் கழற்றினாங்க. நெஞ்சிலும் முதுகிலும் 'டைட்டில் ஒன்பது'ன்னு எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசிச்சார். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்து, நாடே பார்த்தது. அதுக்கு அப்புறம்தான் படகுத்துறையில் பெண்களுக்கான வசதி வந்தது. எர்ன்ஸ்ட் அதே வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலும் துடுப்புப் போட்டார்.

யோசிச்சுப் பாருங்க. 1914லேயே 70,000 பேருக்கு உட்கார இடம் கட்டின பல்கலைக்கழகம் அது. 62 வருஷம் கழிச்சு 19 பேர் குளிக்க இடமில்லை.

முடிஞ்ச கதைன்னும் நினைக்காதீங்க. 2021 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்கு ஹால் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஒரே ஒரு சின்ன டம்பெல் அடுக்கு. ஒரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்டு மானத்தை வாங்கின பிறகுதான், சில நாள்ல கருவிகள் வந்து இறங்கின. ஆமா, அதே மாளிகை ஒரிகன்தான்.

ரசிகர்கள் நூறு வருஷமா பக்கத்து ஊர் ஸ்டேடியத்தோட தங்கள் ஸ்டேடியத்தை ஒப்பிடுறாங்க. அந்த 19 பெண்கள் ஒப்பிட்டது ஒரே காலேஜுக்குள்ள, ஒரே படகுத்துறைக்குள்ள, பக்கத்துக் கதவோட. முன்னதுல சீட் கூடியது. பின்னதுல நியாயம் கிடைச்சது.

அடுத்த தடவை கால்ல யாராவது 1,07,601ன்னு ஆரம்பிச்சா, நான் கேட்கப்போறது ஒண்ணுதான். "சாமி, அதுல எத்தனை பேர் விளையாடலாம்?" மியூட்ல போட்டுட்டுத்தான் கேட்பேன், அப்ரைசல் நேரம் பாருங்க ;-)