‘உள்ளே இழுக்காதே’ பிறந்த கதை

முதல் சுருட்டைக் கையில் எடுக்கிறவருக்குத் தீப்பெட்டி வருவதற்கு முன்பே ஒரு புத்திமதி வந்துவிடும்: “நெஞ்சுக்குள்ள இழுக்காதே. வாயிலயே வெச்சிருந்து ஊதிடு.” உறையூர்ச் சுருட்டைப் பழகிய தாத்தா இதைச் சொல்வார். கண்ணாடி அலமாரியில் கியூபச் சுருட்டை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரரும் இதையேதான் சொல்வார். கேட்பவர் அதில் இரண்டு சேதிகளை எடுத்துக்கொள்கிறார். இருமாமல், தலை சுற்றாமல் தப்பிக்க இதுதான் வழி என்பது ஒன்று. உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்பது மற்றொன்று. முதல் சேதி பழையது, அனுபவத்தில் வந்தது. இரண்டாவது எங்கேயோ வழியில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆதியில் இந்தப் புத்திமதியே இல்லை. 1492 நவம்பரில் கொலம்பஸ் கியூபாக் கரையில் கப்பலை நிறுத்திவிட்டு, லூயிஸ் டி டோரஸ், ரோட்ரிகோ டி ஹெரெஸ் என்ற இருவரை உள்நாட்டுக்கு அனுப்பினார். கீழைத் தேசத்துப் பேரரசரின் நகரம் அகப்படும் என்பது அவர் நினைப்பு. போனவர்கள் கண்டது சில கிராமங்களையும், கையில் கொள்ளிக்கட்டையோடும் காய்ந்த இலைச் சுருளோடும் நடந்துபோகிற ஆண் பெண்களையும்தான். அந்தச் சுருளின் ஒரு முனையைப் பற்றவைத்து மறுமுனை வழியாகப் புகையை மூச்சோடு உள்ளே இழுத்தார்கள், உடம்பு மரத்துப்போய்ப் பாதி போதை ஏறியது, களைப்புத் தெரியவில்லை என்றார்கள் என லாஸ் காசாஸ் பாதிரியார் பிற்பாடு எழுதி வைத்தார். அதாவது, ஐரோப்பியக் கண்ணில் பட்ட முதல் சுருட்டுக்காரர்கள் நெஞ்சு நிறைய இழுத்தவர்கள்.

பிறகு ஏன் வாயோடு நின்றது? விடை இலையைப் பாடம் செய்யும் முறையில் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சுருட்டு இலையை நெருப்பு மூட்டிக் காய வைப்பதில்லை. கொட்டகையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுகிறார்கள். வாரக்கணக்கில் மெதுவாக உலரும்போது இலையில் இருந்த சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோகிறது. அதன்பின் கட்டுக்கட்டாக அடுக்கிப் புழுங்க விடுகிறார்கள். அம்பாரத்தின் நடுவில் கையை விட்டால் சுடும், அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். குவியலைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியே வைத்து, வெளியே இருந்ததை உள்ளே வைத்து மறுபடி அடுக்குவார்கள். இவ்வளவும் ஆன இலையின் புகைக்குக் காரத்தன்மை மிகுதி. தொண்டையைத் தாண்டவிட்டால் நெஞ்சு எரியும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும்.

ஆனால் அந்தக் காரத்தன்மைக்கு வேறொரு குணமும் உண்டு. அது நிகோடினைக் கட்டவிழ்த்து விடுகிறது. அப்படி விடுபட்ட நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும், நுரையீரல் வரை போக வேண்டியதில்லை. புகையிலை போடும் நம் பாட்டிமார் கூடவே சுண்ணாம்பைச் சேர்ப்பது வீண் வழக்கமல்ல. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் புகையிலை ‘பிடிக்கும்’. சுருட்டில் அந்தச் சுண்ணாம்பின் வேலையை இலையே செய்துவிடுகிறது. ஆகவே ‘உள்ளே இழுக்காதே’ என்று முதலில் சொன்னவர் உடல்நலத்தை நினைத்துச் சொல்லவில்லை. உள்ளே இழுத்தால் இருமல், வாயில் வைத்திருந்தாலே போதை. வாயே போதும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திண்டுக்கல் பக்கத்து இலையும் திருச்சிச் சுருட்டுத் தொழிலாளர்களின் கையும் சேர்ந்து ‘டிரிச்சினாபோலி’ என்ற பெயரை லண்டன் வரை கொண்டுபோயின. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலை வைத்தே திருச்சிச் சுருட்டை அடையாளம் காண்கிறார். நம்மவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி இது. சாம்பல் கிடந்த அறையில் ஒரு பிணமும் கிடந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

சிகரெட் பிரிந்துபோன இடத்தையும் சொல்லியாக வேண்டும். 1839இல் வட கரோலினாவில் ஸ்டீபன் ஸ்லேட் என்ற கறுப்பின அடிமை, புகையிலைக் கொட்டகையில் காவலிருந்தபோது தூங்கிவிட்டார் என்பது அங்கே வழங்கும் கதை. விழித்துப் பார்த்தால் நெருப்பு அணையும் நிலையில் இருந்தது. பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டார். திடீரென எழுந்த சூட்டில் இலைகள் பளிச்சென்ற மஞ்சளாக மாறின. அப்படி உலர்ந்த இலையில் சர்க்கரை தங்கிவிடுகிறது. அதனால் புகை சற்றே அமிலமாகி, தொண்டையில் மெத்தென்று இறங்குகிறது. அது வாயில் சரியாக ஏறாது, நுரையீரலுக்கு இழுத்தால்தான் ஏறும். சிகரெட் நெஞ்சுக்குப் போனதும் சுருட்டு வாயில் தங்கியதும் நாகரிகத்தால் வந்த வித்தியாசம் அல்ல, இரண்டு கொட்டகைகளால் வந்தது.

வாயோடு நிற்பது என்ன செய்யும் என்று உலகம் ஒருமுறை நேரடியாகவே பார்த்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையை வென்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான தளபதி யுலிசிஸ் கிராண்ட். அதுவரை அவர் பெரிய சுருட்டுப் பிரியர் அல்ல. கடற்படைத் தளபதி கொடுத்த ஒரு சுருட்டின் மிச்சம் சண்டை நாளன்று அவர் கையில் இருந்தது, அதைப் பத்திரிகைகள் எழுதின. அவ்வளவுதான், நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் அன்பளிப்பாகச் சுருட்டு வந்து குவிந்தது. பத்தாயிரம் இருக்கும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொடுத்தது போக மிஞ்சியதைப் பிடிக்கப் பிடிக்கப் பழக்கமாகிவிட்டது என்றும் சொன்னார். புதிதாகப் பழகுகிறவர்களின் கதை எல்லாமே கொஞ்சம் இந்தச் சாயலில்தான் இருக்கிறது. யாரோ ஆசையாகக் கொடுப்பார்கள், கையிருப்பு இருக்கும், மறுக்க மனம் வராது.

1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது கிராண்டின் தொண்டையில் சுருக்கென்று வலித்தது. புற்றுநோய். அதே ஆண்டில் பங்குச்சந்தை மோசடியில் பணம் முழுவதையும் இழந்திருந்தார். குடும்பத்துக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று, விழுங்கவே முடியாத நிலையிலும் உட்கார்ந்து தன் போர் நினைவுகளை எழுதி முடித்தார். சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று இறந்தார். முன்னாள் குடியரசுத் தலைவரின் தொண்டை நிலவரம் மாதக்கணக்கில் செய்தித்தாள்களில் வந்தது. அப்படியும் சுருட்டின் மதிப்புக் குறையவில்லை. 1923இல் வாய்ப் புற்று கண்ட சிக்மண்ட் ஃப்ராய்ட் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அதை விடவில்லை.

இரண்டாவது சேதி, அதாவது கெடுதல் இல்லை என்பது, முத்திரை பெற்றது 1964இல். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை சிகரெட்டுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தது. சுருட்டைப் பற்றியோ, நாளுக்கு ஐந்துக்கும் குறைவாகப் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் பிடிக்காதவர்களுடையதைப் போலவே இருக்கிறது என்றது. உதட்டுப் புற்று, வாய்ப் புற்று பற்றியும் அந்த அறிக்கை பேசியது. ஆனால் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஆண்டு அமெரிக்காவில் சுருட்டு விற்பனை உயர்ந்தது. 1966 முதல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வந்தது, சுருட்டுப் பெட்டியில் வரவில்லை.

பிறகு விற்பனை ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, சுருட்டு கிழவர்களின் சமாச்சாரமாகிவிட்டது. 1992இல் மார்வின் ஷான்கென் நியூயார்க்கில் ‘சிகார் அஃபிசியனாடோ’ என்ற பளபளப்பான பத்திரிகையைத் தொடங்கினார். அட்டையில் நடிகர்கள், உள்ளே மதுவுக்குப் போடுவது போலச் சுருட்டுக்கும் மதிப்பெண். அடுத்த ஆண்டிலிருந்து விற்பனை ஏறத் தொடங்கியது. புதிதாக வந்தவர்கள் முப்பது வயதுக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம், அதே பழைய வாக்கியம்.

1998இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டுக்கென்றே ஒரு தடித்த நூலை வெளியிட்டது. உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல் ஆபத்து குறைவு என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவை தப்புவதில்லை என்று காட்டியது. புகையை ஊதிவிடலாம், புகை கரைந்த எச்சிலை விழுங்காமல் இருக்க முடியாதே! ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். அது ஒரு மணி நேரம் கூட எரியும். புழுங்க வைக்கும்போதே இலையில் நைட்ரோசமைன் என்னும் புற்றூக்கிகள் உருவாகின்றன. சிகரெட்டை விட்டுச் சுருட்டுக்கு மாறுகிறவர்கள் நிலை இன்னும் சிக்கல். பழக்க தோஷத்தில் இதையும் நெஞ்சுக்குள் இழுத்துவிடுவார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கரையோரப் பெண்கள் சிலர் ‘சுட்டா’ எனப்படும் நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். வேறெங்கும் அரிதான மேலண்ணப் புற்று அங்கே மிகுதியாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஏழு பெரிய சுருட்டு நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. பெட்டிகளில் மாறி மாறி அச்சிட வேண்டிய எச்சரிக்கைகளில் ஒன்று, புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரலாம் என்றது. நூற்றாண்டுப் புத்திமதிக்கு அரசு எழுதிய மறுப்பு இது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும் சுருட்டை விட்டுவைக்கவில்லை.

வழக்கு அங்கே முடியவில்லை. கையால் சுற்றும் உயர்விலைச் சுருட்டுகளையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியை 2023இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று அந்தச் சுருட்டுகளைப் பொறுத்தவரை ரத்துசெய்தது. அவற்றைப் பிடிப்பவர்கள் எப்போதாவதுதான் பிடிக்கிறார்கள் என்ற தரவை நிர்வாகம் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது காரணம். இழுக்கிறார்களா என்ற பழைய வாதத்தின் இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற வாதம் வந்து உட்கார்ந்திருக்கிறது.